தாய்மாமன் எடுத்த ரைடிங் ஜாக்கெட்

குமாரபாளையம்,
புரட்டாசி 14, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மருமகள் மோனிஷாவுக்கு, உன் தாய்மாமன் வீரபாகு எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், உன் அத்தை கந்தம்மாள், பன்னிரண்டு விசைத்தறிகள் எல்லோரும் சுகம். அதில் ஏழாம் நம்பர் தறிக்கு மட்டும் கொஞ்சம் முடியவில்லை. அவ்விடம் புனேயில் நீயும், உன் வேலையும், யாரையும் கேட்காமல் நீ வாங்கிய அந்த மோட்டார் சைக்கிளும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். மருமகள் என்று எழுதியதைப் பார்த்துப் பதற வேண்டாம். தங்கை மகளை அப்படித்தான் எழுதுவது வழக்கம். என் மகன் குமரனுக்குக் கல்யாணம் ஆகி, கையில் ஏழு மாதக் குழந்தையும் இருக்கிறது. அது முடிந்துபோன பேச்சு.

முதலில் அந்தப் படத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை மதியம் நம் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. வெள்ளை வேட்டிக்கு மேலே கண் கூசும் கிளிப்பச்சையில் ஒரு தடித்த சட்டையும், தலையில் ஹெல்மெட்டும், கையில் கிளவுஸும் போட்டுக்கொண்டு, கடையில் காட்சிக்கு வைத்த பைக் ஒன்றின் மேல் குனிந்து உட்கார்ந்திருப்பவர் யார் என்று குழுவில் ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். அது நான்தான். எடுத்தவள் உன் அத்தை. எனக்கு மட்டும் அனுப்புகிறேன் என்று எங்கோ அழுத்தி, நாற்பத்தோரு பேருக்கும் அனுப்பிவிட்டாள். ஒருவன் "மாமா, லடாக் எப்போ?" என்று கேட்டான். எட்டுப் பேர் கைதட்டினார்கள். உன் அம்மா கமலவேணி உடனே போன் போட்டு, "ஏனுங்கண்ணா, ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?" என்றாள். அனுப்பியவர் போனில் படத்தை அழுத்திப் பிடித்தால் யார் யார் பார்த்தார்கள் என்று காட்டும் என்பதைக் குமரன் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அத்தை போனில் பார்த்தேன், நீ பார்த்திருக்கிறாய். இரண்டு மணி பதினான்கு நிமிஷத்துக்குப் பார்த்திருக்கிறாய். ஒன்றும் எழுதவில்லை. ஒரு சிரிப்புப் பொம்மையாவது போட்டிருக்கலாம், மாமன் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் மூன்றாவது வாக்கியத்திலேயே எனக்குக் குரல் ஏறிவிடும். தறிச் சத்தத்துக்கு நடுவே முப்பத்தைந்து வருஷம் பேசிய தொண்டை அப்படித்தான். கடிதத்தில் கத்த முடியாது. இன்னொரு காரணமும் இருக்கிறது. நீ என் நம்பரை பிளாக் செய்திருக்கிறாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கூப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதனால்தான் மூன்று வருஷமாகக் கூப்பிடவில்லை.

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன் என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்திவிடுகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உங்கள் வீட்டுக் கூடத்தில், பெரியவர்கள் எல்லாம் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருக்க, குமரனைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "குமரனுக்கு மூக்கு ஒழுகறப்பத் தொடச்சு உட்டவ நானு. அவனப் போயி எப்படிங் மாமா புருசன்னு நெனைக்கறது?" என்றாய். கூடமே சிரித்தது. குமரனும் சிரித்தான், துரோகி. நான் மட்டும் எழுந்து நின்று, "இன்னைக்கிருந்து எங்கையால உனக்கு ஒரு மொழத் துணி கெடையாது" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு வந்தேன். நெசவுக்காரன் வாயில் அதைவிடக் கடுமையான வார்த்தை வராது. நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால், நானும் நாலு வார்த்தை பேசி, அத்தை இடையில் புகுந்து, எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறியிருப்போம். நீ "செரிங் மாமா" என்று மட்டும் சொன்னாய். அடுத்த வாரமே புனேவுக்குப் போய்விட்டாய். செரி என்று சொல்லிவிட்டுப் போகிறவளிடம் மனுஷன் எங்கே போய்ச் சண்டை போடுவது? போன தீபாவளிக்குச் செவ்வாய்ப்பேட்டை வரைக்கும் வந்தவள், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் குமாரபாளையத்துக்கு எட்டிப் பார்க்காமலே திரும்பினாய். அன்றைக்குக் காலையிலிருந்து பொழுது சாயும் வரை நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏழாம் நம்பர் தறியில் ஊடுநூல் ஓட்டும் நாடாவைப் பழுது பார்த்தேன். வாசலில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கும். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இப்படி நான் பாட்டுக்குக் கோபமாக இருந்துகொண்டிருந்தேன். பத்து நாளைக்கு முன்னால் உன் அம்மா இங்கே வந்தவள், போனில் உன் படத்தைக் காட்டினாள். பைக் பக்கத்தில் நின்று சிரிக்கிறாய். இளைத்திருக்கிறாய். வலது முழங்கையில் ஒரு வெள்ளைக் கட்டு.

"இதென்ன கட்டு?" என்றேன்.

"மழையில வண்டி சறுக்கிருச்சாமுங்க. ஒண்ணுமில்லீங்கண்ணா, தோலுதான் ஒரஞ்சு போச்சு."

"என்ன போட்டுட்டு ஓட்டுனா?"

"காட்டன் டாப்ஸுதானுங்க. முந்தி நீங்க எடுத்துக் குடுத்தீங்கல்ல, நீலக் கட்டம் போட்டது. அது கையோட கிழிஞ்சு போச்சுன்னு அழுதாளுங்க. முழங்கைக்கு அழுவுல, துணிக்கு அழுதா."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அந்தத் துணியை இன்னும் நீ போட்டுக்கொண்டிருந்தாய் என்று ஒரு சந்தோஷம். நான் எடுத்துக் கொடுத்த துணி உன்னைக் காப்பாற்றவில்லையே என்று ஒரு வேதனை. இரண்டும் சேர்ந்து வந்தால் நெஞ்சைக் கரிக்கிறது, அத்தை சீரகத் தண்ணீர் கொடுத்தாள். போகிற போக்கில் உன் அம்மா, "தீபாவளிக்கு வண்டியிலயே வாரேங்கறா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். புனேயிலிருந்து சேலம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலே. நடுவில் தொப்பூர் இறக்கம். அங்கே பிரேக் பிடிக்காமல் வரும் லாரிகளைப் பற்றி நம் ஊரில் தெரியாதவர் இல்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. உனக்குக் காது குத்தும்போது பட்டுப் பாவாடை எடுத்தது தாய்மாமன். நீ பெரியவளானபோது முதல் சேலை எடுத்தது தாய்மாமன். பெண் பிள்ளை மோட்டார் சைக்கிள் வாங்கினால் தாய்மாமன் என்ன எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. எடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவைக்கவில்லை. ஆகவே, வண்டி ஓட்டும்போது உடம்பில் போடும் முதல் உருப்படியை எடுக்கும் உரிமை எனக்குத்தான் என்று முடிவு செய்தேன். இது பாசம் அல்ல, முறை. அத்தையிடம் சொன்னேன். நான் வாயை மூடும் முன்பே அவள் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு செருப்புப் போட்டுவிட்டாள்.

சனிக்கிழமை சேலத்தில் இந்தச் சாமான்களுக்கென்றே இருக்கும் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் நவநீதகிருஷ்ணன், முப்பது வயசு இருக்கும், தாடி வைத்த சாந்தமான பிள்ளை. முதலில் ஒரு ஜாக்கெட்டை எடுத்து விரித்தார். நான் இழை எண்ணும் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து வைத்துப் பார்த்தேன். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். துணி வழியாக நவநீதகிருஷ்ணன் முகம் முழுசாகத் தெரிந்தது.

"ஏந் தம்பி, இழை விட்டுப்போன துணியெ எடுத்துக் காட்டறீங்க? இதயெல்லாம் நாங்க செகண்ட்ஸுல தள்ளிருவோம்."

"அய்யா, அது மெஷ்ஷுங்க. காத்து போறதுக்காக அப்படி நெய்யறாங்க. நம்ம வெயிலுக்கு அதுதானுங்க சரி."

"சல்லடையப் போட்டுட்டு உழுந்தா தாங்குமா?"

தாங்கும் என்றார். நூல் தடிமனானதாம், இழுபட்டாலும் சீக்கிரம் அறுந்துபோகாதாம். தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் உள்ளே வைத்திருக்கும் கெட்டியான அட்டைகளை உருவி என் கையில் கொடுத்தார். அமுக்கினால் மெத்தென்று இருக்கிறது, குத்தினால் இறுகிக்கொள்கிறது. ஒன்றில் லெவல் ஒன்று, இன்னொன்றில் லெவல் இரண்டு என்று போட்டிருந்தது. நான் உடனே லெவல் இரண்டை அவர் பக்கம் தள்ளி, ரெண்டாம் தரம் எங்களுக்கு வேண்டாம், என் தங்கச்சி மகளுக்கு முதல் தரம்தான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இதில் இரண்டுதான் உசத்தி என்று அவர் எனக்குப் புரியவைப்பதற்குள் டீ ஆறிப்போனது. கடைசியாக நான் கேட்டேன், நல்ல கெட்டியான காட்டன் துணி, நம் தறியில் ஓடுவது, அது ரோட்டில் எத்தனை நேரம் தாங்கும் என்று. அவர் கொஞ்சம் தயங்கினார்.

"தார் ரோட்டுல தேஞ்சா ஒரு நொடி தாங்காதுங்கய்யா."

நான் கண்ணாடியை மடித்துப் பையில் போட்டுவிட்டேன். மூன்று தலைமுறையாகத் துணி நெய்கிறோம். ஊர் உலகத்துக்கெல்லாம் துண்டும் லுங்கியும் போகிறது. நம் வீட்டுப் பிள்ளை விழும்போது அது ஒரு நொடி தாங்காது என்பதை அறுபது வயசில் ஒரு கடையில் நின்று தெரிந்துகொள்கிறேன். அத்தை மட்டும் இல்லாவிட்டால் அங்கேயே கண் கலங்கியிருப்பேன். அவள்தான் அதற்குள் வேறு பிரச்சினையைக் கிளப்பிவிட்டாள்.

அந்தக் கடையில் இருந்தவை எல்லாம் கருப்பு. சட்டை கருப்பு, கால்சட்டை கருப்பு, பூட்ஸ் கருப்பு. "ஏனுங்க, சீர்த்தட்டுல கருப்பு வெச்சு எங்கயாச்சும் பாத்திருக்கறீங்களா?" என்று அத்தை என்னைக் கேட்டாள். பிறகு நவநீதகிருஷ்ணனைப் பார்த்து, "மாம்பழ மஞ்சள்ல அரக்கு பார்டர் வெச்சு ஒண்ணும் இல்லீங்களா தம்பி?" என்றாள். அவர் உள்ளே போய் மேல் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். ஒரு வருஷமாக யாரும் கேட்காத சரக்காம். திறந்ததும் கடை முழுக்க வெளிச்சம். மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை, இரண்டும் சண்டை போடுகிற நிறம். அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். உண்மையில் இதுதான் ரொம்பப் பாதுகாப்பு, தூரத்திலேயே லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியும், பசங்க ஸ்டைலுக்காகக் கருப்பு எடுக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளையும் சந்தோஷப்பட்டது. கிளவுஸ் எடுத்தபோது, அதற்குள் வளையல் போகுமா என்று அத்தை கேட்டாள். கழற்றிவிட்டுத்தான் ஓட்டணும் என்றார். வெறுங்கையோடு பிள்ளையை எப்படி ரோட்டுக்கு அனுப்புவது என்று அதற்கு ஒரு கால் மணி நேரம் ஆனது.

அப்புறம்தான் அந்தப் படம். கிளிப்பச்சையில் அன்றைக்குக் கையில் இருந்தது பெரிய அளவு ஒன்றுதான். போட்டுப் பார்த்தால்தான் தெரியும், அதுவும் நின்றுகொண்டு பார்க்கக் கூடாது, வண்டியில் குனிந்து உட்கார்ந்து பார்க்கணும் என்று அவர் சொன்னார். உனக்குப் பதிலாக நான் ஏறினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன் என்பதைக் குழுவில் யாரும் பாராட்டவில்லை. நான் உட்கார்ந்த நேரத்தில் அத்தை, புதுத்துணியை மஞ்சள் வைக்காமல் போடக் கூடாது என்று பையிலிருந்து மஞ்சளைக் குழைத்து, கழுத்துப் பட்டையின் இரண்டு மூலையிலும் வைத்துவிட்டாள். இன்னும் காசு கொடுக்காத சரக்கு! துடைத்தால் இன்னும் பரவியது. நவநீதகிருஷ்ணன் முகம் கொஞ்சம் வாடியது. மரியாதைக்காக அதை நானே வாங்கிக்கொண்டேன். இப்போது பள்ளிபாளையத்துக்கு நூல் வாங்க மொபெட்டில் போகும்போது அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். ரோட்டில் லாரிகள் எல்லாம் ஒதுங்கி வழி விடுகின்றன. போலீஸ்காரர் ஒருவர் வணக்கம் வைத்தார்.

உன் ஜாக்கெட்டுக்கு என்ன அளவு என்று கேட்டார். என் தோள் வரைக்கும் வருவாள் என்றேன். அத்தை, இல்லை, காது வரைக்கும் வருவாள் என்றாள். மூன்று வருஷத்தில் வளர்ந்திருப்பாயோ என்று நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டோம், இருபத்தெட்டு வயசில் யாரும் வளர மாட்டார்கள் என்பது எங்களுக்கு அப்புறம்தான் உறைத்தது. ஹெல்மெட்டுக்குத் தலைச் சுற்றளவு வேண்டும் என்றார். அது எனக்குத் தெரியும். குலதெய்வம் கோயிலில் என் மடியில் உட்கார வைத்துத்தான் உனக்கு மொட்டை அடித்தார்கள். அந்தத் தலையில் சந்தனம் தடவியது நான். கையை விரித்து, கொஞ்சம் குவித்து, "இவ்வளவுங்க தம்பி" என்று காட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். "இது எத்தன வயசுலீங்கய்யா?"

"ஒண்ணரை வயசுல."

கடையில் யாரும் சிரிக்கவில்லை. அத்தை மட்டும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னது: "அளவு உத்தேசமா எடுத்தராதீங்கய்யா. தொளதொளன்னு இருந்தா உழுகறப்ப உள்ள இருக்கற அட்டை நகந்துரும். முழங்கையில இருக்கோணும்னா முழங்கையிலதான் இருக்கோணும். ஹெல்மெட்டும் அப்படித்தான். அந்தப் பொண்ணக் கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்க, எந்த சைஸா இருந்தாலும் வரவெச்சுத் தாரேன்."

ஆகவே இந்தக் கடிதம். உறைக்குள் ஒரு அளவு டேப் வைத்திருக்கிறேன். மார்புச் சுற்றளவு, இடுப்பு, பிறகு கையை மடக்கி வைத்துக்கொண்டு தோள் எலும்பிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி, கட்டை விரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி. இத்தனையும் சென்டிமீட்டரில், நிறுத்தி நிதானமாக எடுத்து, ஒரு தாளில் எழுதி அனுப்பு. கூட இன்னொரு ஆள் பிடித்தால் சரியாக வரும். அளவு வந்த பிறகுதான் அவர் சரக்கு வரவழைப்பார், வந்ததும் கூரியரில் போட்டுவிடுகிறேன். நீ வர வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. இது மாமன் முறைக்குச் செய்வது, அவ்வளவுதான். கோபம் அப்படியே இருக்கிறது.

குமரனும் அவன் மனைவியும் உன்னை விசாரித்தார்கள். நீ போகிற பாதையெல்லாம் பள்ளமில்லாமல் இருக்கட்டும்; எதிரே வருகிற லாரிக்கெல்லாம் பிரேக் நன்றாகப் பிடிக்கட்டும்; நல்ல தூக்கமும் நல்ல சாப்பாடும் உனக்குக் கிடைக்கட்டும். அம்மன் துணை.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
க. வீரபாகு.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். அளவு அனுப்ப வேண்டாம். டேப்பை எடுத்துவிட்டேன். அளவு வந்தால் ஜாக்கெட்டை அனுப்ப வேண்டிவரும், அனுப்பிவிட்டால் நீ இங்கே வருவதற்கு ஒரு காரணமும் இருக்காது. கோபம் என்று எழுதியது பொய். அது நீ புனேவுக்கு ரயில் ஏறிய அன்றைக்கே போய்விட்டது, அன்றைக்கிருந்து இருப்பது ஏக்கம்தான், அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அன்றைக்குச் சொன்னது தப்பு, சாமி. அளவு வந்தால்தான் வரவழைப்பார் என்று எழுதியதும் பொய். சனிக்கிழமையே சொல்லிவைத்து, வெளியூர்க் கடையிலிருந்து சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்றையும் வரவழைத்து, நேற்று வாங்கி வந்துவிட்டேன், மூன்றும் பீரோவில் தொங்குகின்றன. இந்த ஒரு தடவை மட்டும் ரயிலில் வா. வண்டி ஓட்டக் கூடாது என்பதற்காக இல்லை, ஜாக்கெட் இல்லாமல் ஓட்டக் கூடாது என்பதற்காக. அடுத்த தடவை போட்டுக்கொண்டு வண்டியிலேயே வா. வந்து மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார். எதுவும் சேராமல் போனால் இன்னும் நல்லது. நாலாவது கம்பெனியிலிருந்துதான் வரணுமாம், பத்து நாள் ஆகுமாம். அதுவரைக்கும் நீ நம் வீட்டிலேயே இருக்கலாம்.